கவர் சரசரத்தால் குரங்கு வரும்: காட்டுச் சுற்றுலா இடங்களில் குரங்கு மோதலைக் குறைப்பது எப்படி

ஆழியாறு சோதனைச் சாவடி தாண்டி வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. அங்கே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும் நாட்டுக்குரங்குகளைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். கார் வந்து நிற்கும், கதவு திறக்கும், ஆட்கள் இறங்கிப் படம் எடுப்பார்கள். குரங்குகள் பாட்டுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருக்கும். டிக்கியில் ஒரு பாலித்தீன் கவர் சரசரத்தால் போதும், ஏழெட்டுத் தலைகள் ஒரே நேரத்தில் திரும்பும்.

குற்றாலம், ஒகேனக்கல், கொடைக்கானல் என்று எங்கே போனாலும் இதே கதைதான். குரங்குத் தொல்லை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு கவர்த் தொல்லை. குரங்கை விரட்ட எவ்வளவு செலவழித்தாலும், சாப்பாடு வரும் வழி திறந்திருந்தால் மறுநாள் காலை அதே சுவரில் அதே குரங்கு இருக்கும். கீழே இருப்பது அந்த வழியை அடைப்பதற்கான குறிப்பு. பெரும்பகுதி, இடத்தை நடத்துகிறவர்களுக்கு: வனச்சரகப் பணியாளர்கள், சூழல் மேம்பாட்டுக் குழுக்கள், கடை போட்டிருப்பவர்கள். சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கானது தனியாகப் பின்னால் வருகிறது.

முதலில், எந்தக் குரங்கு?

நம் பக்கம் ஆட்களோடு மோதுவது பெரும்பாலும் நாட்டுக்குரங்குதான். தலை உச்சியில் நடுவகிடு எடுத்து மயிரை இருபுறமும் சீவிவிட்டது போல இருக்கும். தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத இனம். தெருவெல்லாம் திரிவதால் ஏராளமாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியல் இதை அழிய வாய்ப்புள்ள இனமாகத்தான் வைத்திருக்கிறது.

இதற்குக் கன்னத்தில் பை உண்டு. கிடைத்ததை மெல்லாமல் இரண்டு கன்னத்திலும் அடைத்துக்கொண்டு மரத்தில் ஏறிப் பிறகு சாவகாசமாகத் தின்னும். பறித்துக்கொண்டு ஓடுவதற்கென்றே அமைந்த உடல். கருமந்திக்கும் சாம்பல் மந்திக்கும் அந்தப் பை கிடையாது. அவற்றின் இரைப்பை இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கும் வகை. ரொட்டியும் பிஸ்கட்டும் உள்ளே போனால் வயிறு உப்பிப்போகும். வால்பாறைப் புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையோரத்துக்கும் தோட்டக் குடியிருப்புக்கும் வருகின்றன. அங்கே பறிப்பதைவிடப் பெரிய ஆபத்து வண்டியில் அடிபடுவது. அதனால்தான் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். ஓடும் காரிலிருந்து யாரோ வீசும் ஒரு வாழைப்பழத்தோல் அந்தப் பாலத்தின் வேலையைக் கெடுத்துவிடும்.

பறிக்கும் பழக்கம் எப்படி வருகிறது

காட்டில் இலை, பூ, காய், பூச்சி என்று நாள் பூராவும் தேடினால்தான் நாட்டுக்குரங்குக்கு வயிறு நிறையும். ஒரு பாக்கெட் பிஸ்கட் அந்த வேலையில் பெரும்பகுதியை ஒரு நிமிடத்தில் மிச்சப்படுத்திவிடுகிறது. முதலில் தூரத்தில் உட்கார்ந்து காத்திருக்கும். யாரோ வீசுவார்கள். பிறகு கையில் வாங்கும். பந்திப்பூரில் நாட்டுக்குரங்குகள் கையை நீட்டி, ஒரு மெல்லிய கூவலோடு ஆட்களிடம் சாப்பாடு கேட்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கேட்டும் கிடைக்காத நாளில் பையைப் பிடித்து இழுக்கும். ஆள் பயந்து பையை விட்டுவிட்டால் பாடம் முடிந்தது.

பத்துப் பேரில் ஒன்பது பேர் கொடுக்காமல் இருந்து ஒருவர் கொடுத்தால், குரங்கு அந்த ஒருவருக்காகப் பத்துப் பேரையும் சோதித்துப் பார்க்கும். அரைகுறைத் தடை முழுத்தடையில் பாதிப் பலன் தரும் என்று நினைக்க வேண்டாம். பல இடங்களில் அது நிலைமையை மோசமாக்கும்.

பருவமும் சேர்ந்துகொள்கிறது. நாட்டுக்குரங்கு பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை குட்டி போடும். கோடை விடுமுறைக் கூட்டம் மலைக்கு வரும்போது ஒவ்வொரு தாயின் வயிற்றிலும் ஒரு கைக்குட்டி தொங்கிக்கொண்டிருக்கும். குட்டிக்கு அருகே செல்ஃபிக்குக் குனிகிற ஆளைத் தாய் மட்டுமல்ல, கூட்டத்துக் கடுவன்களும் (வளர்ந்த ஆண் குரங்குகள்) சேர்ந்து துரத்தும். கோடைக்கான ஏற்பாடுகளை ஜனவரியிலேயே முடித்துவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம்: எழுதுவது மட்டும்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு வரி: நேரம், இடம் (எந்த மரம், எந்தப் படி), ஆள் கையில் என்ன இருந்தது, எதற்குள் இருந்தது, வந்தது கடுவனா தாயா குட்டியா, கிடைத்ததா இல்லையா. 'குரங்கு தொல்லை, மதியம்' என்று எழுதினால் பயனில்லை. 'மாலை 4.10, பார்க்கிங் வேப்பமரம், அம்மா கையில் வெள்ளைக் கவரில் கொய்யா, பெரிய கடுவன், வலது காது கிழிந்தது, பறித்தது' என்று எழுதினால் பயன் உண்டு.

14 நாளில் இரண்டு விஷயம் தெரிந்துவிடும். கூட்டத்தில் எத்தனை இருந்தாலும் ஆளை நெருங்கிப் பறிப்பவை சிலதான். சம்பவங்களும் இடமெல்லாம் சிதறியிருக்காது. வண்டி நிறுத்துமிடம், கடை வரிசையின் கடைசி, குப்பைத் தொட்டி, ஆட்கள் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்கும் நிழல் என்று மூன்று நான்கு புள்ளிகளில் குவியும். காசும் ஆளும் அந்தப் புள்ளிகளுக்குத்தான் போக வேண்டும். அருவிக்குப் போகும் பாதை முழுக்கப் பலகை நட்டுவைப்பது வீண்.

சாப்பாடு வரும் மூன்று வழிகள்

கை, கடை, குப்பை. மூன்றையும் ஒரே வாரத்தில் அடைக்க வேண்டும். குப்பையை அடைத்துவிட்டுக் கடையை விட்டால் கூட்டம் கடைக்கு நகரும், அவ்வளவுதான்.

*கை.* நுழைவுச் சீட்டுக் கொடுக்கும் இடத்திலேயே தின்பண்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பது சிறந்தது. அந்த அறைக்கு ஓட்டுக்கூரையும் மரக்கதவும் போதாது. ஜன்னலுக்கு வெல்டு மெஷ் கம்பிவலை அடியுங்கள். கண்ணி ஒரு அங்குலத்துக்கு மேல் போனால் குட்டியின் கை உள்ளே நுழையும். கோழிக்கூண்டுக்கு அடிக்கும் மெல்லிய வலையை ஒரு வாரத்தில் பிய்த்துவிடும். டோக்கன் முறைக்கு ஆள் இல்லையென்றால் குறைந்தபட்ச விதி இது: தின்பண்டம் ஜிப் போட்ட தோள்பைக்குள் இருக்கலாம், கையில் எதுவும் இருக்கக் கூடாது.

மஞ்சப்பையைப் பற்றி ஒரு வார்த்தை. பிளாஸ்டிக்கைக் குறைக்க அது நல்லதுதான், கொண்டுவரச் சொல்லுங்கள். ஆனால் திறந்த வாயோடு கையில் தொங்கும் எந்தப் பையும் குரங்குக்கு ஒன்றுதான். மஞ்சப்பையைச் சுருட்டித் தோள்பைக்குள் வைக்கச் சொல்ல வேண்டும்.

தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி 20 ரூபாய் வாங்கிக்கொண்டு, திரும்பும்போது பாட்டிலைக் காட்டினால் பணத்தைத் திருப்பித் தரும் முறை நன்றாகவே வேலை செய்யும். மக்களுக்கு இது புதிதுமல்ல. நீலகிரியில் 2022 முதல் டாஸ்மாக் பாட்டிலுக்கே 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். கலர் பானம், ஜூஸ் பாட்டிலை மட்டும் உள்ளே விடாதீர்கள். மூடியைத் திருகித் திறக்க நாட்டுக்குரங்குக்குத் தெரியும். திருக வராவிட்டால் அடியைக் கடித்து ஓட்டை போடும்.

*கடை.* வெள்ளரிப் பிஞ்சு, உப்பு மிளகாய்ப்பொடி தடவிய மாங்காய், சுட்ட சோளக்கருது, சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு அதுதான் பிழைப்பு. கடையை மூடச் சொன்னால் ஒரு மாதத்தில் வேறொரு பெயரில் திறக்கும். விற்கும் விதத்தை மாற்றச் சொல்லுங்கள். சரத்தை முன்பக்கம் தொங்கவிடாமல் கம்பிவலைக்குப் பின்னால் வைப்பது, வெட்டிய பழத்தை மூடி போட்ட டப்பாவில் வைப்பது, தோலைக் கடைக்குள்ளேயே ஒரு வாளியில் போடுவது, கடையை அடைக்கும்போது அந்த வாளியை வீட்டுக்கு எடுத்துப்போவது. 'குரங்குக்குக் கொடுக்க' என்று தனியாகக் கடலைப் பொட்டலம் விற்பதை மட்டும் எந்தச் சமரசமும் இல்லாமல் நிறுத்த வேண்டும்.

கூட்டம் அதிகமாக வரும் இடத்தில் வலை அடித்த சாப்பாட்டுக் கொட்டகை போடுங்கள். மனிதர்கள் கூண்டுக்குள், குரங்குகள் வெளியே. சிரிப்பாகத் தோன்றினாலும் இவ்வளவு பலன் தரும் ஏற்பாடு வேறில்லை. நான்கு பக்கமும் மேலேயும் வலை, தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வைத்த இரண்டு கதவு, இரண்டுக்கும் நடுவே ஆறேழு அடி இடைவெளி. ஒரே கதவு வைத்தால் ஞாயிற்றுக்கிழமை மதியம் யாரோ அதற்குக் கல் முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருப்பார்கள். உள்ளே குப்பைத் தொட்டியும் கை கழுவக் குழாயும் வேண்டும். கழுவாத கையில் ஒட்டியிருக்கும் சோற்றுப் பருக்கையும் மாம்பழ வாசனையும் அடுத்த வளைவில் பிரச்சினை.

*குப்பை.* இதில்தான் பெரும்பாலான இடங்கள் தோற்கின்றன. வாயைப் பிளந்து நிற்கும் பென்குயின் தொட்டியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். குரங்குக்கு அது சாப்பாட்டு மேசை. உள்ளே இறங்கி உட்கார்ந்து, வேண்டியதைத் தின்றுவிட்டு மீதியை வெளியே வீசும். தள்ளினால் ஆடும் மூடி வைத்த தொட்டியும் அப்படித்தான்.

நடைபாதையில் தொட்டியே வைக்காமல், குப்பையை வெளியே கொண்டுவரச் சொல்வதுதான் முதல் தேர்வு. வாசலிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் மட்டும் வைத்தால் போதும். அங்கே வைக்கும் தொட்டியை உள்ளூர்ப் பட்டறையில் இப்படிச் செய்துகொள்ளலாம்:

1. 200 லிட்டர் இரும்பு பேரல் ஒன்று. அடியில் விரல் நுழையாத அளவில் நான்கைந்து துளை, மழைத்தண்ணீர் வடிய.
2. இரண்டு கீல் வைத்த தகட்டு மூடி. ஓரம் பேரலுக்கு வெளியே ஓர் அங்குலம் மடிந்து இறங்க வேண்டும். மடிப்பு இல்லாவிட்டால் விளிம்பில் விரலைக் கொடுத்து நெம்பிவிடும்.
3. கொண்டி மூடியின் முன்பக்கம் தகட்டுக் கூட்டுக்குள் இருக்க வேண்டும். கூட்டின் வாய் கீழ்ப்பக்கம். கீழிருந்து விரலை மேலே நுழைத்து உள்ளே இருக்கும் நாக்கை அழுத்திக்கொண்டே மறு கையால் மூடியைத் தூக்க வேண்டும். இரண்டு கைக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை இருந்தால் குரங்கு கைவிட்டுவிடும். வெளியே தெரியும் சாதாரணத் தாழ்ப்பாளைச் சில நாளில் திறக்கக் கற்றுக்கொள்ளும்.
4. பேரலைக் காங்கிரீட் மேடையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். கடுவன் உருட்டித் தள்ளும், ராத்திரியில் காட்டுப்பன்றியும் வரும்.
5. பிடியையும் கொண்டிக் கூட்டையும் மஞ்சள் வண்ணம் அடித்து அம்புக்குறி போடுங்கள்.

ஐந்தாவதை அலட்சியப்படுத்தினால் மற்ற நான்கும் வீண். எப்படித் திறப்பது என்று தெரியாதவர் கவரை மூடிமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். பிடி அழுக்காக இருந்தாலும் அப்படித்தான், தொடக் கூச்சப்பட்டு மூடியைக் குச்சி வைத்துத் திறந்து விடுவார்கள். ஆகவே தினமும் பிடியைத் துடைக்க வேண்டும். முக்கால்வாசி நிறைந்ததும் காலி செய்யுங்கள். பிதுங்கினால் கொண்டி மாட்டாது. கடைசி வண்டி போன பிறகு மறுபடியும் ஒருமுறை. ராத்திரி முழுக்கக் குப்பை கிடந்தால், காலையில் முதலில் வருவது சீட்டுக் கொடுப்பவர் அல்ல, குரங்குதான்.

காவலுக்கு நிற்பவர்கள் செய்ய வேண்டியது

மூன்று வழியையும் அடைத்த பிறகுதான் ஆள் காவலுக்கு அர்த்தம். நெரிசலான 300 மீட்டர் பாதைக்கு வாரநாளில் இரண்டு பேர், சனி ஞாயிறில் நான்கு பேர் என்று தொடங்கலாம். தனியாக யாரையும் நிறுத்தாதீர்கள். ஒருவர் குரங்கைப் பார்ப்பார், மற்றவர் ஆட்களிடம் பேசுவார். இரண்டையும் ஒருவரால் செய்ய முடியாது.

கையில் ஐந்தடி மூங்கில் கழி. அது அடிப்பதற்கல்ல, தரையில் தட்டுவதற்கு. குரங்குக்கும் ஆட்களுக்கும் நடுவே நின்று, கழியைத் தரையில் தட்டியபடி ஒரு அடி, நின்று, இன்னொரு அடி என்று காட்டுப்பக்கமாக நகர்த்த வேண்டும். அவசரம் கூடாது. தப்பிப் போகும் வழியை, அதாவது மரத்தையோ சரிவையோ, அடைத்து நிற்கக் கூடாது. மூலையில் மாட்டிய குரங்குதான் கடிக்கும். நேருக்கு நேர் முறைத்துப் பார்ப்பது அதன் பாஷையில் சண்டைக்கு அழைப்பு. தோளையோ காலையோ பார்த்துக்கொண்டு நகருங்கள்.

கவண், பட்டாசு, தண்ணீர்த் துப்பாக்கி எல்லாம் முதல் வாரம் பலன் தருவதாகத் தெரியும். பிறகு பிரச்சினை. கல்லடி பட்ட குரங்கு கவண் வைத்திருக்கும் ஆளை அடையாளம் கண்டு அவருக்கு மட்டும் ஒதுங்கும். சீருடை மறைந்ததும் பள்ளிப் பிள்ளைகளிடம் வரும். பட்டாசு காட்டுக்குள் கோடையில் தீ. டெல்லியில் 2023 ஜி20 மாநாட்டின்போது ரீசஸ் குரங்குகளை (வட இந்தியாவின் தெருக்குரங்கு) மிரட்ட மந்தி உருவ அட்டைகளை வைத்தார்கள். இங்கே நாட்டுக்குரங்கும் மந்தியும் ஒரே மரத்தில் பழம் தின்கிற ஊரில் அட்டைக்கு யார் பயப்படப்போகிறார்கள்.

ஆட்களிடம் பேசுவதுதான் கடினமான பாதி. 'கொடுக்காதே' என்று விசிலடித்துக் கத்தினால் சண்டைதான் வரும். வரப்போகும் பிரச்சினையை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் கேட்பார்கள்:

"அண்ணா, அந்தக் கவரைப் பைக்குள்ள வெச்சு ஜிப் போட்டுக்கோங்க. அடுத்த திருப்பத்துல காது கிழிஞ்ச கடுவன் ஒண்ணு உக்காந்திருக்கு, கவரைப் பாத்தா விடாது."

"பாவம் தம்பி, பசிக்குதுல்ல அதுக்கு?"

"காட்டுல அத்திப்பழம் கொட்டிக் கெடக்குதுங்கம்மா. இங்க பிஸ்கட் கிடைக்குதுன்னு ரோட்டுல உக்காந்து லாரில அடிபடுது. வந்த வழியில ரத்தம் இருந்துச்சே, பாத்தீங்களா?"

சனிக்கிழமையில் வாழைப்பழத்தோடு வரும் பக்தர்களிடம் சட்டம் பேச வேண்டாம். அவர்களுக்கு அது ஆஞ்சநேயருக்குச் செய்யும் காரியம். காப்பகத்துச் சாலையில் உணவு கொடுத்தால் வனத்துறை அபராதம் போடும் என்பதைக் கடைசியில் சொல்லலாம். அதற்கு முன், பழத்தைக் கீழே இருக்கும் கோயிலிலேயே பிரசாதமாகக் கொடுத்துவிட்டு வரும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோயில் பூசாரி ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் பத்துப் பலகைக்குச் சமம். முதலில் அவரிடம் போய்ப் பேசுங்கள்.

பலகை வைப்பதானால், ஆட்கள் டிக்கியைத் திறக்கும் இடத்தில், கண் மட்டத்தில் வையுங்கள். பாதி தூரம் போன பிறகு படிப்பவர் கையில் ஏற்கனவே கவர் இருக்கும். 'வனவிலங்குகளுக்கு உணவளிப்பது தண்டனைக்குரியது' என்ற வாசகம் பழகிப்போய்விட்டது, கண்ணில் படுவதே இல்லை. 'கையில் கவர் வேண்டாம். குரங்கு பறிக்கும்.' இது போதும், ஒரு கவர் படத்தோடு.

செல்போனைப் பறித்துவிட்டால்

பாலித் தீவின் உலுவத்து கோயிலில் நீள்வால் குரங்குகள் கண்ணாடியையும் போனையும் பறித்து, தின்பண்டம் கொடுத்தால் திருப்பித் தருகின்றன. இங்கேயும் ஆட்கள் உடனே பிஸ்கட்டை நீட்டுகிறார்கள். ஒவ்வொரு பண்டமாற்றும் அடுத்த திருட்டுக்கு முன்பணம். துரத்தவும் வேண்டாம், துரத்தினால் உயரே ஏறிவிடும். கூட்டத்தை விலக்கிவிட்டு, யாரும் பார்க்காதது போல அமைதியாக நில்லுங்கள். தின்ன முடியாததைக் குரங்கு மோந்து, கடித்துப் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் கீழே போட்டுவிடும். மரத்துக்குக் கீழே பெட்ஷீட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நின்றால் போன் பிழைக்கும். இருதய மாத்திரை, கார்ச்சாவி என்றால் மட்டும், காவலர் ஒருவர் பொதுமக்கள் கண்ணில் படாமல் ஏதாவது கொடுத்து மீட்கலாம். அதுவும் நோட்டில் ஏற வேண்டும்.

சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு

கை இரண்டும் காலியாக இருக்கட்டும். தின்பண்டமும் தண்ணீரும் ஜிப் போட்ட தோள்பையில். பை முதுகில் இருந்தால் குரங்கு பின்னாலிருந்து ஜிப்பைத் திறக்கும், கூட்டத்தைக் கடக்கும்போது முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள். கார்க்கண்ணாடியை ஏற்றிவையுங்கள், மேற்கூரைக் கண்ணாடியையும். பிள்ளைகளைக் குரங்கு இல்லாத பக்கமாக விட்டுக் கையைப் பிடித்து நடங்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளையின் முகமும் கையிலிருக்கும் ஐஸ்கிரீமும் சுவரில் உட்கார்ந்திருக்கும் குரங்குக்கு நேர் மட்டத்தில் இருக்கும்.

குரங்கு நெருங்கினால் ஓட வேண்டாம், கத்தவும் வேண்டாம். நின்று, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுங்கள். ஒன்றுமில்லை என்பது அதற்குப் புரியும். பிறகு முதுகைக் காட்டாமல், பக்கவாட்டாக நகர்ந்து விலகுங்கள். வாயை வட்டமாகத் திறந்து, புருவத்தை உயர்த்தி, காதைப் பின்னுக்கு இழுத்து முறைத்தால் அது எச்சரிக்கை. பல்லைக் காட்டி இளிப்பது பெரும்பாலும் பயத்தின் அடையாளம். அதைச் சிரிப்பு என்று நினைத்து அருகே போய்ப் படம் எடுப்பவர்கள்தான் கடிபடுகிறார்கள், பயந்த குரங்குக்கும் பல் உண்டு.

பையைப் பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள். இழுபறியில்தான் கை கிழியும். தோளில் தாவி ஏறிவிட்டால் கையால் பிடித்துப் பிய்க்காதீர்கள். லேசாகக் குனிந்து அசையாமல் நின்றால் தானே இறங்கிப் போகும். சொல்வது சுலபம், நிற்பது கஷ்டம், இருந்தாலும் அதுதான் வழி.

கடித்தாலோ பிறாண்டினாலோ

1. உடனே குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம். அலுவலக அறைக்குப் பக்கத்திலேயே இதற்கென்று ஒரு குழாயும் சோப்பும் இருக்க வேண்டும்.
2. பிறகு அயோடின் மருந்து போடலாம். மிளகாய்ப்பொடி, காபித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.
3. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் 'குரங்கு கடித்தது' என்று சொல்லி வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28-ம் நாட்கள். தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28. டி.டி. (டெட்டனஸ்) ஊசி தேவையா என்று மருத்துவர் பார்ப்பார்.
4. ரத்தம் வந்திருந்தால் அது மூன்றாம் வகைக் காயம். தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (உடனே எதிர்ப்பு தரும் மருந்து) போட வேண்டும். முதல் ஊசி போட்டு 7 நாளுக்குள் போட்டால்தான் பலன். எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இது இருக்காது. எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே விசாரித்து அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள்.

'கடித்த குரங்கு நல்லாத்தான் திரியுது, பத்து நாள் பார்ப்போம்' என்பார்கள். அந்தப் பத்து நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும். குரங்குக்குப் பொருந்தாது.

தடை போட்ட முதல் மாதம்

சாப்பாடு நின்றதும் குரங்கு அமைதியாகக் காட்டுக்குள் போய்விடாது. முதல் சில வாரம் இன்னும் துணிச்சலாக வரும், இதுவரை தொடாத ஆட்களையும் தொடும். இந்த நேரத்தில் 'திட்டம் தோற்றுவிட்டது' என்று கடைக்காரர்கள் பழையபடி சரத்தைத் தொங்கவிடுவார்கள். அப்படி விட்டால், கூடுதலாகத் தொந்தரவு செய்தால் கிடைக்கும் என்பதைக் குரங்குக்கு நாமே சொல்லிக்கொடுத்தது ஆகும். ஆறு வாரத்துக்கு ஆளைக் குறைக்காதீர்கள். பக்கத்துக் குடியிருப்புக்கும் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளுக்கும் முன்பே தகவல் சொல்லுங்கள், கூட்டம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். பசிக்குமே என்று காட்டு ஓரத்தில் பழம் கொட்டுவதும் வேண்டாம், இடம் மாறுமே தவிரப் பழக்கம் மாறாது. வெட்டாமல் விட வேண்டியது அத்தி, ஆல், நாவல் மரங்களை. சாலையோர ஆலமரத்தை அகலப்படுத்தும் பணிக்கு வெட்டிவிட்டுக் குரங்கு கடைக்கு வருகிறது என்று புலம்பும் ஊர்கள் நிறைய.

பிடித்துக்கொண்டுபோய் வேறு காட்டில் விடச் சொல்லி மனு வரும். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பிடிப்பதும் கூண்டு வைப்பதும் வேட்டை என்ற வரையறைக்குள் வரும். தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி இல்லாமல் யாரும் கூண்டு வைக்க முடியாது. அனுமதி கிடைத்துப் பிடித்தாலும், ஆளைப் பார்த்துப் பழகிய குரங்கு இறக்கிவிட்ட இடத்திலிருந்து அடுத்த ஊருக்கு நடக்கும். காலியான இடத்துக்கு, சாப்பாடு இன்னும் இருந்தால், வேறு கூட்டம் வரும். இமாச்சலத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ரீசஸ் குரங்குகளுக்குக் கருத்தடை செய்திருக்கிறார்கள். அது பிறப்பைக் குறைக்கும், பையைப் பறிக்கும் கையை நிறுத்தாது.

குரங்கு செத்துக் கிடந்தால் யாரும் தொடக் கூடாது. குரங்குகளையும் ஆட்களையும் தாக்கும் கியாசனூர் காட்டுக் காய்ச்சல் 1957-ல் ஷிமோகா மாவட்டத்தில் முதலில் கண்டறியப்பட்டது, பிறகு நீலகிரியிலும் வந்தது. உண்ணி வழியாகப் பரவும். செத்த உடலிலிருந்து உண்ணிகள் இறங்கிச் சுற்றிலும் புல்லில் காத்திருக்கும். அந்த இடத்துக்கு ஆட்கள் போகாமல் தடுத்துவிட்டு, வனத்துறைக் கால்நடை மருத்துவருக்கும் சுகாதாரத் துறைக்கும் அன்றே சொல்லுங்கள்.

காணும் பொங்கல், தீபாவளி போன்ற தொடர் விடுமுறைக்கு அடுத்த நாள் காலையில் ஆள் போடுவதைப் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள். மூன்று நாள் கூட்டம் போட்ட மிச்சத்தைத் தேடிக் குரங்குகள் வந்திருக்கும், தின்னக் கொடுக்கக் கூட்டம் இருக்காது. காலை ஏழு மணிக்குத் தனியாக வரும் ஒரு தம்பதியின் கையில் டீயும் வடையும் இருக்கும். அன்றைக்குக் காலை ஆறரைக்கே இரண்டு பேர் வாசலில் நிற்கட்டும். ஒருவர் கையில் கழி, இன்னொருவர் கையில் சாக்கு. முந்தின நாள் புதருக்குள் வீசிய தட்டுகளைப் பொறுக்கி முடித்த பிறகு சீட்டுக் கவுண்டரைத் திறக்கலாம்.